நாதஸ்வரத்தைத் தின்ற பெட்டி

முதலில் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வையுங்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டவள். உங்களில் யாருக்கும் மேலதிகாரி இல்லை. ஆனாலும் இதை மட்டும் உத்தரவாகவே சொல்கிறேன். ஆடியோ புரோகிராமிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் ஒரே தவறைச் செய்வார்கள். சத்தத்தைக் குறைக்க வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிடுவார்கள். வேறு வேலையாக இருந்தால் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும், படித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். இங்கே தவறு நேராகக் காதுக்குள் வந்துவிடும். ஹெட்போன் மேஜைமேல் இருந்தால் அது கத்தும், நீங்கள் சிரிப்பீர்கள். தலையில் இருந்தால் அதுவும் கத்தும், நீங்களும் கத்துவீர்கள்.

நான் வேலை பார்த்தது கோவையில் ஒரு சின்னக் கம்பெனி. கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், கோயில் திருவிழா என்று மைக் செட் கட்டுகிறவர்களுக்கான ஒலிப் பெட்டிகளைச் செய்தோம். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் எங்களுடையது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் சொல்லித்தருவது என் தலையில் விழுந்தது. காரணம் என் அறிவு அல்ல. மற்றவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். நம் ஊரில் முடியாது என்பதை எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். “ஆகட்டுமுங்க, பாத்துக்கலாமுங்க” என்போம். அவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் “சரிங்க” என்று சொல்லித் தொலைத்தேன்.

எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் சரியான குசும்புக்காரர். புதிதாக வந்தவர்களிடம், “மொதல்ல சத்தமே வராத ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டாங்க” என்பார். இதென்ன பெரிய வேலை என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். ஓட்டினால் ஸ்பீக்கர் கொரகொர என்று இரையும். சத்தம் என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் எண்களின் ஓட்டம். மௌனம் வேண்டும் என்றால் ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யத்தை நாமே எழுதி வைக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டால், அங்கே முன்பு கிடந்த குப்பை எல்லாம் ஸ்பீக்கர் வழியாக வந்துவிடும். “சும்மா இருக்கறதுக்கும் வேலை செய்யோணுமுங்க” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

இரண்டாவது பாடம் நேரத்தைப் பற்றியது. ஸ்பீக்கர் உங்களுக்காகக் காத்திருக்காது. பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் சோறு விழுந்ததும் சாம்பார் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் சமையல்கட்டுக்குப் போய்ப் பருப்பு வேகவைக்க ஆரம்பித்தால், உட்கார்ந்திருப்பவர் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உங்களை முறைப்பார். ஸ்பீக்கர் முறைக்காது, “டப்” என்று ஒரு சத்தம் போடும். அதனால் கணக்கையெல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுங்கள். கேட்கும்போது ஊற்றுவது மட்டும்தான் வேலையாக இருக்க வேண்டும்.

இனி காவ்யாவின் கதைக்கு வருகிறேன். இதுவரை சொன்னதை நீங்கள் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை. இதை மறக்காதீர்கள்.

காவ்யா கோபிசெட்டிபாளையத்துப் பெண். கல்லூரி முடித்ததும் நேராக எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் எழுதிய முதல் ஒலி, ஒரே சுருதியில் நிற்கும் சாதாரண “பீ”. அதை ஆபீசில் இருந்த பெரிய ஸ்பீக்கரில், முழு வால்யூமில் ஓட்டிவிட்டாள். எதிர் பேக்கரியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாசோடு ஓடிவந்து, “ஏனுங்க, கரண்டு கிரண்டு அடிச்சுப்போட்டதுங்களா?” என்றார். ஆபீசில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் பொத்தவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், “அக்கா, இதைச் சித்த வளைச்சு உட்டா குயிலு மாதிரி வருமுங்களா?” என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் அப்பாவுக்கு மட்டும் அந்த வேலை பிடிக்கவில்லை. கோபியில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். விற்கிற பொருளைக் கையால் தட்டிப் பார்த்து, தோளில் தூக்கிப் பார்த்து வியாபாரம் செய்கிற மனிதர். ஒரு நாள் எனக்கே போன் செய்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், என்ற புள்ளை அங்க என்னதானுங்க பண்ணுது?”

“சத்தத்தைச் சரிபண்ற வேலைங்க.”

“சத்தம் போடறதுக்குச் சம்பளமுங்களா? அதை எங்க ஊட்டுலயே சும்மா போடுதுங்களே!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மகள் டீச்சர் பரீட்சை எழுதி, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் தப்பு என்ன இருக்கிறது?

அப்போது நாங்கள் காவ்யாவிடம் ஒரு முக்கியமான வேலையைக் கொடுத்திருந்தோம். கூட்டங்களில் யாராவது மைக்கைப் பிடித்ததும் “கூய்ய்ய்” என்று ஒரு சத்தம் கிளம்பும், கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், அது மறுபடி ஸ்பீக்கரில் வந்து, இப்படியே சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வருவது அது. ஆபீசில் அதற்கு ஊளை என்று பெயர் வைத்திருந்தோம். ஊளை தொடங்கியதும் கண்டுபிடித்து, அந்தச் சுருதியை மட்டும் வெட்டி எறிய வேண்டும். அதுதான் அவள் எழுதிய புரோகிராம்.

அவள் கண்டுபிடித்த வழி அழகானது. ஊளை எப்போதும் ஒரே சுருதியில் ஆடாமல் அசையாமல் நிற்கும். மனிதக் குரல் அப்படி நிற்காது. அதிலும் நம் ஊர்ப் பேச்சு இழுத்து, வளைத்து, கடைசியில் ஒரு “ங்க” போட்டுத்தான் இறங்கும். ஆகவே எந்தச் சுருதி அசையாமல் நிற்கிறதோ அதை வெட்டு, அவ்வளவுதான். பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு, திருவிழா அறிவிப்பு, கூட்டத் தலைவரின் நன்றியுரை என்று எதையெல்லாமோ போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் தேறியது.

நாதஸ்வரத்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை. அந்தப் பேச்சு வராமலும் இல்லை. ஒரு மீட்டிங்கில் வந்தது. “நாதஸ்வரத்துக்கு எதுக்குங்க மைக்கு? அது நாலு தெருவுக்குக் கேக்குமே” என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அவர் சொன்னது நியாயம். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் நம் பக்கத்து மண்டபங்களில் தாலி கட்டியவர்கள், கட்டிக்கொண்டவர்கள். அந்த மண்டபங்களில் நாதஸ்வரத்துக்கு முன்னால் கட்டாயம் ஒரு மைக் நிற்கும். தேவைக்காக அல்ல, மரியாதைக்காக. வைக்காவிட்டால், “வித்துவானுக்கு ஒரு மைக்குகூட வெக்கலை பாருங்க” என்று பந்தியில் பேச்சு வந்துவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் ஊரில் பிறந்ததே மறந்துவிடுகிறது, என்ன செய்ய!

அந்தச் சமயத்தில் காவ்யாவின் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோபியில் ஒரு பெரிய மண்டபம். பெண் வீடு தாராபுரம். அப்பா மகளைக் கூப்பிட்டு ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். அவள் மறுநாள் வந்து என்னிடம் சொன்னாள்.

“அந்தப் பொட்டியை அண்ணன் கல்யாணத்துல வெக்கச் சொல்றாருக்கா. நல்லா இருந்தா நான் இந்த வேலைக்குப் போலாமாம். இல்லீன்னா உட்டுப்போட்டு டீச்சர் பரீட்சைக்குப் படிக்கோணுமாம். நானும் சரின்னு சொல்லிப்போட்டேன்.”

“உனக்கு என்ன தோணுது?”

“எனக்கு இதை உட மனசே வரலைக்கா.” சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில், கற்றுக்கொடுக்காததையும் கேட்கிற காது அவளுக்குத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. காலை முகூர்த்தம். நான் போய்ச் சேர்ந்தபோது மேடைக்கு ஓரமாக மைக் செட் கட்டுகிறவர் தன் மேஜையைப் போட்டிருந்தார். எங்கள் பெட்டி நடுநாயகமாக, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூ வேறு. பக்கத்தில் பட்டுப் புடவையில் காவ்யா, மடியில் லேப்டாப். இனி ஊளையே வராது என்று அவள் சொன்னதை மைக் செட்காரர் அப்படியே நம்பிவிட்டார். ஸ்பீக்கர்களை மைக்குகளுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து, வால்யூமை இஷ்டத்துக்கு ஏற்றியிருந்தார். மண்டபத்து வாசலில் ஒரு ஸ்பீக்கர். அதற்கு நேர் கீழே, வருகிறவர்களை எல்லாம் “வாங்க வாங்க” என்று கும்பிட்டபடி அவள் அப்பா.

நாதஸ்வர வித்துவான் சீவாளியை உதட்டில் வைத்து ஊதத் தொடங்கினார். நல்ல கை, நல்ல மூச்சு. ராகத்தை மெல்ல விரித்து, மேலே ஒரு ஸ்வரத்தில் போய் நின்றார். நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தில் நிற்கிறார் என்றால் அப்படியே நிற்பார். எங்கள் பெட்டியும் அதைத்தான் கவனித்தது. அசையாமல் நிற்கிறதா? வெட்டு.

ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கொசுவாகிவிட்டது.

வித்துவான் திடுக்கிட்டுச் சீவாளியை எடுத்துப் பார்த்தார். ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினார். நகரும்போதெல்லாம் நாதஸ்வரமாகவே இருந்தது. நின்றால் கொசு. அவர் இன்னும் அழுத்தி ஊதினார். அழுத்தி ஊத ஊத, இது பெரிய ஊளை என்று பெட்டி இன்னும் உற்சாகமாக வெட்டியது. தவில்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். வித்துவான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேறு சீவாளியை மாற்றினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது. வாசலில் ஸ்பீக்கருக்குக் கீழே நின்ற அப்பா, கும்பிட்ட கையை இறக்காமல் அண்ணாந்து பார்த்தார். பிறகு அங்கிருந்தபடியே மகளைப் பார்த்தார்.

காவ்யா பெட்டியின் வேலையை நிறுத்திப் பார்த்தாள். அவ்வளவுதான், மைக் செட்காரர் ஏற்றி வைத்திருந்த வால்யூமில் “கூய்ய்ய்” என்று ஒரு ஊளை கிளம்பி மண்டபமே காதைப் பொத்தியது. தொட்டிலில் தூங்கிய குழந்தை வீரிட்டது. அவசரமாக மறுபடி போட்டாள். ஊளை போயிற்று, கொசு வந்தது. பெட்டி ஓடினால் கெட்டிமேளம் கொசு. நிறுத்தினால் தாலி கட்டும் நேரத்தில் ஊளை. இரண்டில் எது நல்ல சகுனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நான், அத்தனை வருட அனுபவசாலி, என்ன யோசனை சொன்னேன் தெரியுமா? “புரோகிராம்ல எத்தனை நேரம் நின்னா வெட்டோணுங்கற அளவை மட்டும் கூட்டி உடு. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து வெட்டட்டும்” என்றேன்.

காவ்யா லேப்டாப்பில் கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். “சோதிச்சுப் பாக்காததைத் தாலி கட்டற நேரத்துல ஓட்டச் சொல்றீங்களாக்கா?” என்று கேட்டாள்.

முதல் வாரத்தில் நான் அவளுக்குச் சொன்ன வாசகம் அது. எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் மைக் செட்காரரிடம், “அண்ணா, நாதஸ்வர மைக்கோட சத்தத்தை மட்டும் சுத்தமா எறக்கிப்போடுங்க” என்றாள்.

அவர் பதறிவிட்டார். “அதெப்படிங்க அம்மணி? நாதஸ்வரம் வாசல் வரைக்கும் கேக்கோணும்னு உங்க அப்பாதானுங்களே சொன்னாரு. அவரு சொல்லாம நான் தொடமாட்டனுங்க.”

அப்பா வாசலில் தாராபுரத்துக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய் விளக்கி அனுமதி வாங்குவதற்குள் தாலியே கட்டி முடிந்திருக்கும். மேடையில் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

காவ்யா லேப்டாப்பை மூடினாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக மேடையேறினாள். வித்துவானுக்குத் தெரியாமல் சத்தத்தை இறக்கினால் மட்டும் போதாது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. மைக் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வித்துவான் அடக்கித்தான் வாசிப்பார். அவருக்கு விஷயம் தெரிய வேண்டும். வித்துவான் முன்னால் போய்க் குனிந்து, மைக்கின் வயரைப் பிடுங்கினாள்.

“ஏனுங்க அம்மணி, மைக்கை எடுக்கறீங்க?”

“ஐயா, உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் எழுதுன புரோகிராமுதான் உங்க சத்தத்தைத் திங்குதுங்க. மைக்கு இல்லாமயே வாசிச்சுப்போடுங்க.”

வித்துவானின் முகம் தெளிந்தது. “அப்படிங்களா! எனக்கு மூச்சே போயிருச்சாட்ட இருக்குதுன்னு பயந்துபோட்டனுங்க” என்றார். தவில்காரர் பக்கம் திரும்பி, “பொட்டிதானாம்!” என்று சிரித்தார்.

அவள் அந்த மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மேடைக்கு முன்னால் இருந்த கூட்டம் மொத்தமும் அவளையே பார்த்தது. மாப்பிள்ளையின் தங்கை, கல்யாண நேரத்தில், வித்துவானின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள்! அப்பா வாசலிலிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். அந்த நடையைப் பார்த்ததும் டீச்சர் பரீட்சை உறுதி என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அவர் பாதி தூரம் வருவதற்குள், “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று குரல் எழுந்தது.

தவில் இடித்தது. நாதஸ்வரம் மைக் இல்லாமல், பெட்டி இல்லாமல், வெறும் மூச்சில் எழுந்தது. இத்தனை நேரம் பட்ட அவமானத்தை எல்லாம் சேர்த்து ஊதினார் அந்த மனிதர். மண்டபத்துக் கூரையில் போய் மோதி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அட்சதை போட மறந்து நின்றேன். அப்பாவும் நடுவழியிலேயே நின்று, கையில் இருந்த அட்சதையை அங்கிருந்தே வீசினார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தலையில்தான் அது விழுந்தது.

இப்போது பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். நாம் எழுதியது பிசகும்போது அதை அங்கேயே சரிசெய்து காட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கெட்டிக்காரர்களுக்கு இன்னும் அதிகமாகத் துறுதுறுக்கும். நம் புரோகிராம் ஜெயிக்க வேண்டும் என்பது ஒரு ஆசை, சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்பது வேறொரு ஆசை. அன்றைக்குக் காவ்யாவின் வேலையே அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்தது. அப்படியிருந்தும் பெட்டியை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டாள். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பந்தி. எனக்கு ஒரு பக்கம் காவ்யா. எதிர் வரிசையில் பெண்ணின் தாய்மாமா. வாசல் பக்கம் நின்றிருந்ததால், மைக்கைப் பிடுங்கியதை அவர் பார்க்கவில்லை. தாராபுரத்தில் அவருக்கே ஒரு மண்டபம் இருக்கிறதாம். பரிமாறுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்த அப்பாவை நிறுத்தி, அவர் சத்தமாகச் சொன்னார்.

“ஏனுங்க, உங்க புள்ளையோட பொட்டி அபாரமுங்க. மொதல்ல என்னமோ கொசகொசன்னு இருந்துது. தாலி கட்டறப்ப பாருங்க, மைக்கு வெச்ச மாதிரியே தெரியலீங்க! நம்ம மண்டபத்துக்கும் அதே பொட்டி வேணுமுங்க.”

“அதுக்கென்னங்க, தந்துபோடலாமுங்க” என்று அப்பா முகமெல்லாம் மலர்ந்தார். என் தொண்டையில் ஜாங்கிரி சிக்கிக்கொண்டது. நான் காவ்யாவின் காலை மிதித்தேன். பேசாமல் இரு என்று அர்த்தம். அவள் பேசாமல் இருந்தாள், தாய்மாமா கைகழுவ எழுந்து போகும் வரை.

அவர் போனதும் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “அப்பா, தாலி கட்டறப்ப நாதஸ்வரம் அந்தப் பொட்டி வழியா வரவே இல்லீங்க. பொட்டி நாதஸ்வரத்தைக் கெடுத்துப்போட்டது. அதனாலதான் மைக்கைப் பிடுங்குனேன். நீங்க சொன்னபடி பாத்தா நான் தோத்துட்டேனுங்க.”

சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. தானாக வந்த அதிர்ஷ்டத்தை இப்படியா தட்டிவிடுவது? உண்மையைச் சொல்ல இன்னும் நாலு நாள் கழித்து ஒரு நல்ல நாள் கிடைத்திருக்காதா?

அப்பா கைகழுவும் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, மண்டியில் விலை பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்.

“இதைத் தாராபுரத்துக்காரருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. திங்கக்கிழமை போனதும் மொத வேலையா அந்த நாதஸ்வரத்துக்கு ஒரு வழி பண்ணிப்போடு.”

காவ்யா நிமிர்ந்தாள். “திங்கக்கிழமை ஆபீசுக்குப் போலாமாப்பா?”

“ஏன், உங்க ஆபீசு லீவா?” என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

லீவு இல்லை என்று நான்தான் சொன்னேன்.